செவ்வல்லி ஏரிப் பக்கம் மூன்று அறை போதும்

வாசகர் கடிதம் (சுருக்கமாக): நான் திருப்பூர்க்காரன். பாங்காக்கில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என் மனைவிக்குச் சொந்த ஊர் உடோன் தானி மாகாணம், கும்பவாபி அருகே ஒரு கிராமம். செவ்வல்லி ஏரி சில கிலோமீட்டர் தூரம்தான். மாமியார் வீட்டை ஒட்டி அவர் பேரில் காலி இடம் இருக்கிறது. அதில் ஆறு அறைகளோடு, மாடியுடன் ஒரு சின்ன விருந்தினர் விடுதி கட்ட ஆசை. கையில் 9 லட்சம் பாட் சேமிப்பு உண்டு. மண் வீடு, மூங்கில் வீடு, லாரியில் வந்து இறங்கும் ரெடிமேட் வீடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது மலிவு? கட்டடத்தையாவது என் பேரில் வைக்க முடியுமா? திருப்பூரில் தெரிந்த கொத்தனார் ஒருவர் வரத் தயாராக இருக்கிறார், கூட்டி வரலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

ஆறு அறை வேண்டாம், மாடியும் வேண்டாம். மூன்று அறை, ஒரே தளம், முன்னால் நீளமாக ஒரு தாழ்வாரம். இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். மற்றதெல்லாம் இதை ஒட்டித்தான் வரும்.

காரணம் உங்கள் ஊர் ஏரியிலேயே இருக்கிறது. பூ பூப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. காலையில் விரிந்திருக்கிற பூ, வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அதனால் காலையில் படகு ஏற விரும்புகிறவர்கள் முந்தைய இரவு பக்கத்தில் தங்கத்தான் பார்ப்பார்கள். உங்கள் வாடிக்கையாளர் அவர்கள்தான். பெரும்பாலும் சொந்தக் காரில் சனி ஞாயிறு வரும் தாய்லாந்துக் குடும்பங்கள். மீதி ஒன்பது மாதம்? 1992இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பான் சியாங், 2024இல் சேர்ந்த பூ பிராபாத் என்ற இரண்டு தொல்லியல் இடங்களும் உங்கள் மாகாணத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வருபவர்கள் உடோன் நகரத்தில் தங்கிவிட்டுப் போய்விட முடியும். ஆக வருடத்தின் பெரும்பகுதி சும்மா கிடந்தாலும் உங்கள் பணத்தைத் தின்னாத கட்டடமாக அது இருக்க வேண்டும். ஆறு அறையும் மாடியும் அப்படி இருக்காது. மாடி என்றால் தூணும் அஸ்திவாரமும் பெரிதாகும், படிக்கட்டு இடத்தைத் தின்னும், கிராமத்து ஆட்களுக்குப் பழகாத வேலையும் கூடும்.

கணக்கைப் பார்ப்போம். தூணுக்குத் தூண் 3.5 மீட்டர் என மூன்று கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முன்னால் 1.5 மீட்டர் தாழ்வாரம், நடுவில் 3.5க்கு 3.5 அறை, பின்னால் 1.5 மீட்டரில் குளியலறையும் துணி அலமாரிக்கு ஓர் ஒதுக்கும். மொத்தம் சுமார் 68 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 735 சதுர அடி. ஆடம்பரமில்லாத கிராமத்துக் கட்டுமானத்துக்கு நான் மனதில் வைக்கும் தொகை சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் பாட். அப்படிப் பார்த்தால் கட்டடம் 6 லட்சத்து 80 ஆயிரம். மீதி 2 லட்சத்து 20 ஆயிரத்தில் தண்ணீர், மின்சாரம், செப்டிக் டேங்க், கட்டில் மெத்தை, வழிப்பாதை எல்லாம் அடங்க வேண்டும். இறுக்கம்தான், ஆனால் நடக்கும். நீங்கள் விலை வாங்கும்போது இந்தப் பத்தாயிரத்தை விடக் கூடினால் அறையைச் சிறிதாக்காதீர்கள். ஓர் அறையைக் குறைத்துவிடுங்கள்.

அறை எண்ணிக்கை சட்டத்துக்கும் ஒத்துப்போகிறது. தாய்லாந்தில் காசு வாங்கிக்கொண்டு நாள் கணக்கில் தங்கவைத்தால் அது 2004ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டத்துக்குள் வரும். சிறிய இடங்களுக்கு விலக்கு உண்டு. முன்பு 4 அறை, 20 பேர் என்று இருந்த வரம்பை 2023இல் 8 அறை, 30 பேர் என்று உயர்த்தினார்கள். அது உபரி வருமானத்துக்காக நடத்துவதாக இருக்க வேண்டும், அம்போ அலுவலகத்தில், அதாவது நம் தாலுகா அலுவலகம் மாதிரியான இடத்தில், முறையாகத் தெரிவிக்கவும் வேண்டும். மனு உங்கள் மனைவி பேரில் போகட்டும். ஹோட்டல் தொழில் வெளிநாட்டவருக்குக் கட்டுப்படுத்தப்பட்ட தொழில்களில் ஒன்று. உங்கள் வேலை அனுமதியும் உங்கள் பாங்காக் வேலைக்காக வாங்கியது. விடுமுறைக்குப் போகும்போது நீங்களே கரண்டி பிடித்துச் சுவர் பூசுவதும், பிறகு விருந்தினரை வரவேற்று அறை காட்டுவதும் சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை என்று கொள்ளப்படலாம். அந்த ஆபத்துக்கே இடம் வைக்காதீர்கள். வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்துக்கு தோ மோ 30 என்று பெயர், உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து நிலப் பத்திரம். மாமியாரிடம் பத்திரத்தை வாங்கி, தலைப்பில் உள்ள கருடச் சின்னத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் சனோட், முழு உரிமைப் பத்திரம். பச்சை என்றால் நோர் சோர் 3 கோர், அதுவும் நல்ல பத்திரம்தான். நிலச் சீர்திருத்தத்தில் கிடைத்த சோர் போர் கோர் நிலமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது விவசாயத்துக்கு மட்டும் கொடுத்த நிலம். இஷ்டப்படி யாருக்கும் விற்க முடியாது. அப்புறம் பத்திரத்தின் பின்பக்கம். வடகிழக்குத் தாய்லாந்தான ஈசான் பகுதி விவசாயக் குடும்பங்களில் பத்திரம் விவசாய வங்கியில் அடமானமாக இருப்பது சாதாரணம். இருந்தால் பின்பக்கத்தில் பதிந்திருக்கும். அதில் எந்தப் புதிய உரிமையைப் பதியவும் வங்கியின் சம்மதம் வேண்டும்.

கட்டடத்தை உங்கள் பேரில் வைக்கலாமா என்றால், வைக்கலாம். வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாதே தவிர, அதன் மேல் நிற்கும் கட்டடத்துக்குச் சொந்தக்காரராக இருக்க முடியும். மாமியார் சம்மதித்தால் ‘சித்தி நுவா புன் தின்’ என்ற உரிமையை, அதாவது அடுத்தவர் நிலத்தின் மேல் கட்டடம் வைத்துக்கொள்ளும் உரிமையை, 30 ஆண்டு வரை நில அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். கட்டட அனுமதியும் உங்கள் பேரில் இருந்தால்தான் அது உறுதியாக நிற்கும். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை வைத்து அந்த ஒரு பத்திரத்தை மட்டும் சரியாகச் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் மாமியாரோடு உட்கார்ந்து பேசுங்கள். மருமகன் பணம் போடுகிறார், மகள் நடத்தப்போகிறாள், மற்ற பிள்ளைகளுக்கு நாளை அந்த இடத்தில் என்ன பங்கு? மைத்துனர், மைத்துனி எல்லாரும் இருக்கும்போதே இது பேசி முடிய வேண்டும். பதிவு செய்த காகிதம் இருந்தும் வீட்டுக்குள் பேச்சு முடியாமல் பாதியில் நின்ற கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எதில் கட்டுவது என்ற கேள்விக்கு வருகிறேன். மண் வீடு தாய்லாந்தில் பலர் அன்போடு கட்டுகிறார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் மழைக்கு ஏரி நீர் ஏறுகிற தாழ்வான பகுதியில் வேண்டாம், அடிச்சுவர் ஊறினால் போச்சு. மூங்கிலை போராக்ஸ் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தாவிட்டால் வண்டு அரித்துவிடும். தாழ்வாரத் தடுப்புக்கும் பந்தலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், தாங்கும் பாகங்களுக்கு வேண்டாம். லாரியில் வரும் ரெடிமேட் வீடு வேகமானது. ஆனால் அதன் விலைப் பலகையில் அஸ்திவாரம், செப்டிக் டேங்க், மின் இணைப்பு, கிரேன் வாடகை பெரும்பாலும் சேர்ந்திருக்காது. மெல்லிய சுவரில் ஏப்ரல் வெயில் உள்ளே இறங்கிவிடும், ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும்.

என் கருத்தில் மலிவான கட்டடம் என்பது உங்கள் ஊர் ஆட்கள் தினமும் கட்டுவது. கான்கிரீட் தூண், பீம், ரெடிமேட் கான்கிரீட் தளப் பலகை, பிளாக் சுவர், மெட்டல் ஷீட் கூரை. இந்த ஐந்தும் கும்பவாபிக் கடைத்தெருவில் கிடைக்கும், அல்லது உடோனிலிருந்து லாரியில் வந்து இறங்கும். ஒரு பலகை உடைந்தால் மறுநாளே மாற்றும் கிடைக்கும். ஆளுக்கும் யோசிக்க வேண்டியிருக்காது. புது மாதிரி எதையாவது நீங்கள் வரைந்து கொடுத்தால் அவர்கள் கற்றுக்கொள்ளும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

பணத்தை எங்கே மிச்சம் பிடிக்கக்கூடாது என்றால், முதலில் தரைமட்டம். இடம் முழுவதையும் மண் கொட்டி உயர்த்துவதுதான் அங்கே வழக்கம். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். கொட்டிய மண் ஒரு மழைக்காலமாவது கிடந்து அமர வேண்டும், உங்களுக்கு அந்த நேரம் இல்லை. உயர்த்திய இடத்திலிருந்து வழியும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும்தான் போகும். அதற்குப் பதிலாகத் தூணையே உயர்த்துங்கள். இதுவரை ஏறிய அதிகபட்ச வெள்ளம் எது என்று மாமியாரைக் கேளுங்கள், பக்கத்துப் பெரியவர்களையும் கேளுங்கள், வாட், அதாவது புத்தர் கோயில், மதில்சுவரில் தண்ணீர்க் கறை இருந்தால் அளந்துகொள்ளுங்கள். அந்த மட்டத்துக்கு மேல் அரை மீட்டராவது தள்ளி உங்கள் தளம் இருக்க வேண்டும். பீமின் மேல் தளப் பலகையை அடுக்கினால் அடியில் காற்று ஓடும், ஓதம் ஏறாது, கரையான் புற்று ஏறினாலும் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அங்கே கிடைக்கும் பலகை 35 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் கனம். மேலே கம்பி வலை விரித்து இன்னொரு 5 சென்டிமீட்டர் கான்கிரீட் போடுவார்கள். அந்தக் கான்கிரீட் ஊற்றும்போது பலகையின் நடுவில் அடியில் முட்டு இருக்கிறதா என்று மனைவியைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முட்டு இல்லாமல் ஊற்றினால் தளம் நடுவில் லேசாகத் தொய்ந்துவிடும். அப்புறம் டைல்ஸ் போட்டு அதை மட்டம் பண்ணவே கூடுதல் சிமென்ட் போகும்.

சுவருக்கு ஹாலோ பிளாக்தான் மிக மலிவு. இருந்தாலும் அறைகளுக்கு 7.5 சென்டிமீட்டர் ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் உள்ள எடை குறைந்த பிளாக்) வாங்குங்கள், அங்கே ‘இத் முவான் பாவ்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். 68 சதுர மீட்டரில் விலை வித்தியாசம் பெரிதல்ல, ஏப்ரல் மாத ராத்திரியில் தெரியும் வித்தியாசம் பெரிது. குளியலறைச் சுவருக்கு மட்டும் சாதாரணச் செங்கல் போதும். பிளாக்கை விட முக்கியம் அதைக் கட்டிப்பிடிக்கும் சின்ன விஷயங்கள். ஒவ்வொரு கதவு, ஜன்னலைச் சுற்றிலும் சிறு கான்கிரீட் சட்டம் வேண்டும். நிற்கும் துண்டு ‘சாவ் என்’, மேலே படுக்கும் துண்டு ‘தப் லாங்’. தூணிலிருந்து சுவருக்குள் நீட்டும் கம்பித் துண்டுகளுக்கு ‘நுவட் குங்’ என்று பெயர். இந்த மூன்று சொற்களையும் ஒப்பந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இவைதான். விட்டுப்போனால் ஒரு வருடத்துக்குள் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். இன்னொன்று, அறைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சுவர் சீலிங்கோடு நின்றுவிடாமல் கூரை ஷீட்டைத் தொடும்வரை போக வேண்டும். சாதாரண வீட்டில் யாரும் இதைச் செய்வதில்லை. விடுதியில் செய்யாவிட்டால் இந்த அறையில் இருமுவது அந்த அறையில் கேட்கும். அதிகாலைப் படகுக்காகச் சீக்கிரம் தூங்கப் போனவர்கள் அதைப் பொறுக்கமாட்டார்கள்.

கூரைக்கு அடியில் பி.யு. ஃபோம் ஒட்டிய மெட்டல் ஷீட். ஃபோம் இல்லாத ஷீட்டில் வெயிலும் இறங்கும், மழைச் சத்தத்தில் பேச்சே கேட்காது. சுற்றிலும் ஒரு மீட்டராவது வெளியே நீட்டிவிடுங்கள். நீளவாக்குச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம். ஜன்னல் உள்ள சுவர் எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி, இடத்தை அளக்கும்போதே இதைக் கழித்துக்கொள்ளுங்கள். அனுமதி ஓ போ தோ அலுவலகத்தில் வாங்க வேண்டும், அதாவது ஊராட்சியில். 150 சதுர மீட்டருக்குள் இருக்கும் வீட்டு வரைபடத்துக்கு ஆர்க்கிடெக்ட் கையெழுத்து தேவையில்லை.

குளியலறைகள் மூன்றும் பின்பக்கம் ஒரே வரிசையில் வருவதால் ஒரே குழாய் ஓட்டம் போதும். கிராமத்தில் செப்டிக் டேங்குக்கு நம் உறைகிணறு மாதிரி சிமென்ட் உறைகளை இறக்குவார்கள். மேட்டு நிலத்தில் அது சரி. உங்கள் இடத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். உறைக்குள் வெளித்தண்ணீர் புகுந்து கழிப்பறை நிறைந்து நிற்கும். மூடிய பிளாஸ்டிக் டேங்க் வாங்குங்கள். அதையும் வெறும் குழியில் வைக்காதீர்கள். கான்கிரீட் படுகை போட்டு, பட்டையால் கட்டி, தண்ணீர் நிரப்பிய பிறகே மண் மூட வேண்டும். காலி டேங்காக விட்டால் முதல் மழையிலேயே மேலே மிதந்து குழாயை உடைத்துவிடும்.

மின்சாரத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். அங்கே குளியலறையில் சுவரில் மாட்டும் உடனடி ஹீட்டர்தான் வழக்கம், ஒன்று 3,500 வாட். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 10,500 வாட், சுமார் 48 ஆம்பியர். வீட்டுக்குத் தரும் 15/45 மீட்டர், அதாவது அதிகபட்சம் 45 ஆம்பியர் மீட்டர், அதற்கே தாங்காது, ஏ.சி. வேறு இருக்கிறது. அதிகாலைப் படகுக்கு மூன்று அறையும் ஒரே நேரத்தில் குளிக்கத்தான் செய்யும். ஒன்று 30/100 மீட்டருக்கு மனுப் போடுங்கள், இல்லை ஓர் அறையில் மட்டும் ஹீட்டர் வையுங்கள். வெந்நீர் தேவைப்படுவது டிசம்பர், ஜனவரிக் குளிரில்தான், ஆனால் உங்கள் சீசனும் அதுதான். முடிந்தால் பெரிய மீட்டரே நல்லது. எதுவானாலும் எர்த் கம்பியும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் இல்லாமல் ஹீட்டரை மாட்டவே கூடாது. பழைய கிராமத்து வீடுகள் பலவற்றில் எர்த்தே கிடையாது. மாமியார் வீட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக்கொள்ளலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஈரக் கையோடு அதைத் தொடப்போகிறார்.

திருப்பூர்க் கொத்தனாரைக் கூட்டி வராதீர்கள். அவருக்கு வேலை அனுமதி வாங்குவது சுலபமல்ல. இல்லாமல் பிடிபட்டால் அவருக்கு அபராதமும் நாடு கடத்தலும், வேலைக்கு வைத்தவருக்கும் அபராதம். உள்ளூர் சாங்கை, அதாவது மேஸ்திரியை, பூ யாய் பானிடம், அந்த ஊர்த் தலைவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். அவர் கட்டி மூன்று மழை பார்த்த வீடு ஒன்றைப் போய்ப் பாருங்கள். கூலியை மட்டும் அவரிடம் பேசுங்கள், பொருளை நீங்களே வாங்கிப் போடுங்கள். பணம் தவணை தவணையாக, முடிந்த வேலைக்கு மட்டும்: அஸ்திவாரம், தளம், கூரை, சுவர், பூச்சு, கடைசித் தவணை தண்ணீரும் மின்சாரமும் ஓடிப் பார்த்த பிறகு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கேட்டால் வேறு ஆள் பாருங்கள்.

முதல் தூண் நடும்போது ‘யோக் சாவ் ஏக்’ சடங்கு இருக்கும். நாள் குறிப்பதைக் குடும்பத்துக்கே விட்டுவிடுங்கள், செலவைக் குறைக்கிறேன் என்று இதில் கை வைக்காதீர்கள். நாளை விருந்தினருக்கு வழி சொல்லப்போவது அன்று வந்து நிற்கிற ஊர்க்காரர்கள்தான்.

காலம் மட்டும் கவனம். நவம்பரில் நெல் அறுப்பு, டிசம்பரிலிருந்து கரும்பு வெட்டு, ஏப்ரல் நடுவில் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்ரான். இந்த மூன்றிலும் ஆள் குறையும், கரும்பு நாளில் கூலியும் ஏறலாம். மழை மே நடுவில் தொடங்கும். இப்போதே பத்திரத்தையும் ஓ போ தோ அனுமதியையும் முடித்துக்கொண்டு ஜனவரிக் கடைசியில் குழி தோண்டினால், சொங்ரானுக்கு முன் கூரை ஏறிவிடும். மழை மாதங்களில் உள்வேலை நடக்கட்டும். அந்த மழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து வழிப்பாதையை அதன்பிறகு போடுங்கள். டிசம்பரில் அறைகளைத் திறக்கலாம்.

இடத்தின் அளவை நீங்கள் எழுதவில்லை. ‘ஙான்’ என்ற தாய்லாந்து நில அளவில் ஒன்று, அதாவது 400 சதுர மீட்டர், நம் கணக்கில் பத்து சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இந்தக் கட்டடத்துக்கும் இரண்டு கார் நிறுத்தவும் தாராளமாகப் போதும். பத்திரத்தின் இரு பக்கப் படத்தையும், மாமியார் சொல்லும் வெள்ள மட்டத்தையும் அனுப்புங்கள். தூண் உயரத்தையும் அஸ்திவார ஆழத்தையும் கணக்குப் போட்டு எழுதுகிறேன்.